மார்கழி விடியலில் ஜிப்சி: மூன்று பனிக்காலம் தேடிய கோளாறு

கூடலூரில் 1994 மாடல் மாருதி ஜிப்சி ஜீப் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் சென்ற வாரம் கேட்டார். என்னிடம் இருப்பதும் அதே வண்டிதான், பதின்மூன்று ஆண்டுகளாக. 970 சி.சி. என்ஜின், நான்கு கியர், கையால் இழுக்கும் சோக் (குளிரில் காற்றைக் குறைத்து என்ஜினைப் பிடிக்கவைக்கும் தகடு) என்பதெல்லாம் அவருக்கே தெரியும். உறைபனி விழுந்த விடியலில் அதை ஸ்டார்ட் செய்து பார்த்த அனுபவம்தான் அவருக்கு இல்லை. அதை மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் ஊட்டிக்கு அருகே தலைகுந்தா பக்கம். கேரட் அறுவடை இருட்டிலேயே தொடங்கிவிடும். பிடுங்கி, கழுவி, மூட்டை கட்டி, நேரத்தோடு மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்பியாக வேண்டும். ஆட்களை ஏற்றிவர ஜிப்சி நான்கு மணிக்குக் கிளம்ப வேண்டும். நீர்ப்பனி விழும் நாட்கள் வரை தொல்லை இல்லை. மார்கழியில் புல்லெல்லாம் உப்புப் பூத்ததுபோல வெளுக்கத் தொடங்கியதும் இதன் குணம் மாறிவிடும். பல முறை செல்ஃப் அடித்த பிறகே என்ஜின் பிடிக்கும். பிடித்த நொடியிலிருந்து வண்டியே குலுங்கும். சோக்கைப் பாதி உள்ளே தள்ளினால் நின்றுபோகும், முழுதாக இழுத்தே வைத்திருந்தால் கரும்புகை. பத்து நிமிடம் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்காமல் காத்திருக்க வேண்டும். சூடேறிவிட்டாலோ, அதே என்ஜின் தையல் மெஷின்போல ஓடும்.

அந்தச் சூடுதான் என்னை மூன்று பனிக்காலம் அலைக்கழித்தது. பட்டறைக்கு ஓட்டிப் போய்ச் சேர்வதற்குள் என்ஜின் சூடாகிவிடும். “நன்றாகத்தானே இருக்கிறது, அண்ணா” என்பார்கள். முதல் வருடம் பிளக், ஒயர், காயில், பேட்டரி எல்லாம் மாற்றினார்கள். அடுத்த வருடம் பெட்ரோலையும் காற்றையும் கலந்து அனுப்பும் கார்புரேட்டரைக் கழற்றி இரண்டு முறை சுத்தம் செய்தார்கள், ரிப்பேர் கிட் போட்டார்கள். ஒவ்வொரு முறையும் நான்கு நாள் தேவலை என்று தோன்றும், ஐந்தாம் நாள் பழைய கதை. மூன்றாம் வருடம் கார்புரேட்டரே போய்விட்டது, புதிதுதான் வழி என்றார்கள். கலவை சரியா என்று அறிய பிளக்கைக் கழற்றி நிறம் பார்க்கக்கூட ஒருவரும் மெனக்கெடவில்லை. அந்தக் கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

கடைசியில் குன்னூரில் ஒரு பெரியவர் வழி சொன்னார். “தம்பி, வண்டியை இரவு இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள். காலையில் நான் வரும்வரை சாவியைத் தொடாதீர்கள்.” எனக்கு யாருமே சொல்லாத யோசனை அது. குளிரில் வரும் கோளாறைக் குளிரில்தான் பார்க்க முடியும்.

மறுநாள் ஆறு மணிக்கு ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு என்னைச் சோக் இழுக்கச் சொன்னார். டார்ச் அடித்துப் பார்த்தால், சோக் தகடு முழுதாக மூடவில்லை. நகம் நுழையும் அளவு இடைவெளி. கேபிளின் வெளிக்கூட்டைப் பிடிக்கும் கிளிப் தளர்ந்து, இழுவையில் ஒரு பகுதி வீணாகிக்கொண்டிருந்தது. கிளிப்பை இறுக்கினார், அரைச் சுற்று செல்ஃபில் என்ஜின் பிடித்தது. ஆனால் குலுக்கல் அப்படியே இருந்தது. பிடிக்காமல் இருப்பது ஒரு கோளாறு, பிடித்தபின் குலுங்குவது வேறு கோளாறு, இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதால்தான் இத்தனை செலவு என்றார்.

பிறகு ஒரு ஊசிச் சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து, என்ஜினுக்குக் கலவை போகும் குழாயான மேனிஃபோல்டில் கார்புரேட்டர் உட்காரும் இணைப்பைச் சுற்றிச் சொட்டுச் சொட்டாக விட்டார். ஒரு மூலையில் தண்ணீர் பட்டதும் என்ஜின் சத்தம் மாறியது, இரண்டு நொடி சீரானது, மறுபடி குலுங்கியது. அந்த இடத்தில் காற்று உள்ளே போகிறது, தண்ணீர் கொஞ்ச நேரம் அடைத்து நிற்கிறது. சோக் இருந்தால்தான் ஓடுகிறது என்றாலே கலவையில் காற்று கூடுதல் என்று அர்த்தமாம். ஐட்லிங்கில் பெட்ரோல் விடும் ஸ்லோ ஜெட் அடைத்திருந்தாலும் இதே அறிகுறிதான், அதைத்தான் இரண்டு முறை சுத்தம் செய்தாயிற்றே.

கழற்றினால், என்ஜின் சூடு ஏறாமல் தடுக்க கார்புரேட்டருக்கு அடியில் இருக்கும் இன்சுலேட்டரில் மயிரிழை வெடிப்பு. கார்புரேட்டரின் அடித்தட்டில் ஸ்கேலை நிறுத்திப் பார்த்தால் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. ஒவ்வொரு முறை சுத்தம் செய்தவர்களும் நட்டுகளைப் பலமாக முறுக்கி முறுக்கித் தட்டையே வளைத்திருக்கிறார்கள். கண்ணாடிப் பலகைமேல் எமரித் தாளை விரித்து, தட்டைத் தேய்த்துச் சமன் செய்ய அவருக்கு முக்கால் மணி நேரம் ஆனது. புதிய இன்சுலேட்டர், இரண்டு பக்கமும் புதிய பேக்கிங், நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கியது. கூலியோடு 1,100 ரூபாய்.

சூட்டில் ஏன் தெரியவில்லை என்று கேட்டேன். சூடேறியதும் உலோகமும் இன்சுலேட்டரும் விரிந்து இடைவெளி குறையும், பெட்ரோலும் முழுதாக ஆவியாகும், கொஞ்சம் கூடுதல் காற்றை என்ஜின் சமாளித்துவிடும் என்றார். குளிரில் பெட்ரோல் மேனிஃபோல்டு சுவரிலேயே துளியாக ஒட்டிவிடுகிறது. இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் சூடான என்ஜினில் கலவை கெட்டியாகும், அதாவது பெட்ரோல் கூடும்; புகைச் சோதனைக்கு முன் அதைக் குறைக்க மிக்ஸ்சர் ஸ்க்ரூவை இறுக்கிவிடுவார்கள், குளிரில் அந்தப் பெட்ரோல் போதாது. என் வண்டியிலும் அதுவே நடந்திருந்தது. போதாததற்கு 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஆவியாக, எடைக்கு எடை, பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கு மேல் வெப்பம் வேண்டும்; அதிலேயே ஆக்சிஜன் இருப்பதால் கலவை இன்னும் இளகும், அதாவது காற்று கூடிப்போகும். பழைய பெட்ரோல் ஹோஸ்களும் ஊறி உப்பியிருந்தன, அவற்றையும் மாற்றிவிட்டேன்.

இந்தப் பனிக்காலத்தில் ஒரு நாள்கூட அது என்னைக் காக்க வைக்கவில்லை. சேற்றில் நான்கு சக்கரமும் பிடித்து ஏறும்போது, இந்த எடையில் இந்த உழைப்பை வேறு எந்த வண்டி தரும் என்று தோன்றுகிறது. எல்லாவற்றையும் ஒரு ஸ்பானர் பெட்டியோடு வயலோரத்தில் பிரித்துப் பார்க்கலாம். 2019-இல் இதன் தயாரிப்பை நிறுத்தியது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

இருந்தும் நண்பருக்கு என் பதில், வாங்காதீர்கள். 2000-க்குப் பிறகு வந்த, கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் பார்த்துப் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. ஜிப்சியாகத் தேடுங்கள். கார்புரேட்டர் வண்டியை உங்களால் பராமரிக்க முடியும், ஆனால் அதை அறிந்து கை வைப்பவர்கள் மலையில் விரல்விட்டு எண்ணும் அளவே இருக்கிறார்கள். குன்னூர்ப் பெரியவருக்கு எழுபது தாண்டிவிட்டது, பட்டறையில் அவரிடம் தொழில் பழக ஒரு பையன்கூட இல்லை. பிடிவாதமாக அதையே வாங்குவதாக இருந்தால், கூடலூர் வெயிலில் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வண்டியை ஒரு இரவு தலைகுந்தாவில் நிறுத்துங்கள், காலையில் நானும் வருகிறேன். சிரிஞ்ச் என்னிடம் இருக்கிறது.