18 அங்குலக் குழலோடு ஐந்து வேட்டைப் பருவங்கள்

பல ஆண்டுகள் 24 அங்குலக் குழல் கொண்ட, .308 வின்செஸ்டர் என்ற தோட்டா வகையைச் சுடும் ரைபிளைச் சுமந்து திரிந்த பிறகு, அதே மாதிரியில், அதே பருமனில், 18 அங்குலக் குழல் உள்ள இன்னொன்றை வாங்கினேன். ஐந்து பருவங்களாக இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தி வருகிறேன். வாங்கும்போது நான் அஞ்சியது ஒன்று, பின்னர் தொல்லை தந்தது வேறொன்று.

முதலில் அஞ்சியது குறி தவறும் என்று. நீளக் குழலே துல்லியமானது என்ற நம்பிக்கைக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. ஸ்கோப் எனும் குறிநோக்கித் தொலைநோக்கி இல்லாமல் இரும்புக் குறிகளை வைத்துச் சுட்டபோது, முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையிலான தூரம் கூடக்கூடக் கண்ணின் பிழை குறைந்தது. ஸ்கோப் பொருத்திய ரைபிளில் அந்தக் கணக்குக்கு இடமில்லை. மேலும், சம பருமனுள்ள இரு குழல்களில் குட்டையானதே விறைப்பு மிகுந்தது. என்னுடைய இரண்டும் 100 மீட்டரில் ஏறத்தாழ ஒரே அளவு வட்டத்துக்குள்தான் குண்டுகளைச் சேர்க்கின்றன.

அடுத்த அச்சம் வேகம் பற்றியது. இது பொய்யன்று, ஆனால் மிகைப்படுத்தப்பட்டது. ஒரே பெட்டியிலிருந்து எடுத்த 150 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அலகு) தோட்டாக்களை வேகமானியின் முன் சுட்டபோது, நீளக் குழலில் நொடிக்கு 2800 அடியை ஒட்டியும், குட்டைக் குழலில் 2660 அடியை ஒட்டியும் வந்தன. அதாவது ஓர் அங்குலத்துக்கு 20 முதல் 25 அடி இழப்பு. குண்டு நகரத் தொடங்கிய சில அங்குலங்களுக்குள்ளேயே குழலினுள் அழுத்தம் உச்சத்தைத் தொட்டு இறங்கிவிடுவதால், கடைசி அங்குலங்கள் தரும் உந்துதல் அவ்வளவுதான். ஆற்றலில் இது ஏறக்குறைய பத்து விழுக்காடு குறைவு. எனக்குப் புரியும்படி சொல்வதென்றால், குட்டைக் குழலில் 200 மீட்டரில் சுடுவது, நீளக் குழலில் 260 மீட்டரில் சுடுவதற்குச் சமம். பரணிலிருந்தும் புதர்க்காட்டிலும் நான் சுடும் தூரம் 150 மீட்டரைத் தாண்டுவது அரிது என்பதால், விரியும் குண்டு ஒழுங்காக விரியத் தேவையான வேகம் எப்போதும் மிச்சமிருந்தது. விழுந்த விலங்குகளில் எந்த வேறுபாட்டையும் நான் காணவில்லை.

உண்மையான விலையைச் செவி கொடுத்தது. குண்டு வெளியேறும் கணத்தில் குட்டைக் குழலின் வாயில் வாயுவின் அழுத்தம் கூடுதலாக இருப்பதால், வெடியோசை கூர்மையாக முகத்தில் அறைகிறது. அந்தி வெளிச்சத்தில் அனல் கண்ணைக் கூச வைக்கிறது. முதல் பருவத்தில், பலகையடைத்த பரணுக்குள் இருந்து காதடைப்பான் இல்லாமல் ஒரே ஒரு முறை சுட்டுவிட்டு, இரவு முழுவதும் காதில் ரீங்காரத்தோடு கிடந்தேன். எந்த வேட்டை ரைபிளுக்கும் காதுக்காப்பு தேவைதான் என்றாலும், நீளக் குழலோடு நான் காட்டிய அலட்சியத்தை இது மன்னிக்கவில்லை. சுடும்போது தோளில் விழும் உதையும் சற்றுக் கூடுகிறது, எடை குறைந்ததன் விளைவு.

இதற்கு ஈடாகக் கிடைத்தது கையாளும் சுகம். கிளைகளில் சிக்காமல் நடப்பது, பரணின் சிறு சாளரத்தில் ஓசையின்றித் திருப்புவது, வண்டியிலிருந்து இறங்கும்போது எங்கும் இடிக்காமல் எடுப்பது ஆகியவற்றை வேகமானி அளப்பதில்லை. ஆனால் ஒரு நாளில் சுடுவது ஒரு முறை, சுமப்பது பத்து மணி நேரம். முன்பாரம் குறைந்ததால், நின்றபடி சுடும்போது குழல்முனை சற்று அலைபாய்வதை மட்டும் பழகிச் சரிசெய்ய வேண்டியிருந்தது. மூன்றாம் பருவத்தில், சட்டம் அனுமதிக்கும் இடத்தில், ஒலியடக்கியைப் பொருத்தியதும் அந்த அலைச்சலும் போயிற்று. 18 அங்குலத்தோடு அது சேர்ந்தாலும் மொத்த நீளம் என் பழைய ரைபிளை ஒட்டியே நிற்கிறது. 24 அங்குலத்தில் மாட்டினால் கழியைத் தூக்கிச் செல்வது போலிருக்கும்.

இவ்வளவும் .308 போன்ற மிதமான தோட்டாக்களுக்கே பொருந்தும். .300 வின்செஸ்டர் மேக்னம் என்ற வலிமை மிகுந்த தோட்டா, அதே விட்டமுள்ள குழலில் மிக அதிகமான, மெதுவாக எரியும் வெடிமருந்தைச் செலுத்துகிறது. அதைக் குட்டைக் குழலில் சுடுவது, மேக்னத்துக்கான உதையையும் ஓசையையும் வாங்கிக்கொண்டு, அதன் வேகத்தை வாயிலேயே விட்டுவிடுவதாகும். திறந்த மலைச்சரிவுக்குப் போகும் நாள்களில் நான் இன்றும் 24 அங்குலத்தையே எடுக்கிறேன். அத்தகைய நாள்கள் பருவத்துக்கு இரண்டோ மூன்றோதான் வருகின்றன.