மீன் விடாத 36 நாள்கள்: ஏபிஐ நன்னீர் மாஸ்டர் டெஸ்ட் கிட் பற்றிய மதிப்புரை

ஏழு சிறு புட்டிகள், மூடியுடன் கூடிய நான்கு கண்ணாடிக் குழாய்கள், ஒரு நிற அட்டை, இவற்றை அடுக்கி வைக்க ஒரு தட்டு. மீன் தொட்டி நீரைச் சோதிக்க உதவும், ஏபிஐ நிறுவனத்தின் நன்னீர் மாஸ்டர் டெஸ்ட் கிட் என்னும் பெட்டிக்குள் இருப்பவை இவ்வளவுதான். எனது இரண்டடித் தொட்டியின் கண்ணாடிக்குக் கொடுத்ததைவிட இந்தப் பெட்டிக்குக் கூடுதலாகக் கொடுத்தேன். வண்ண மீன் வளர்ப்பில் நான் இதுவரை செய்த செலவுகளில் மிகவும் பொருளுள்ள செலவு எது என்று கேட்டால், தயக்கமின்றி இதையே சொல்வேன். வாங்கிய பெட்டியைக் கொண்டு ஒரு புதிய தொட்டியை மீனே இல்லாமல் பக்குவப்படுத்தும் வேலையை, அதாவது மீன் வளர்ப்போர் சைக்கிளிங் என்று சொல்வதை, முதல் நாளிலிருந்து இறுதிவரை செய்து பார்த்தேன். அந்த அனுபவத்தின் அடிப்படையிலேயே இம்மதிப்புரையை எழுதுகிறேன்.

இதை வாங்கத் தூண்டியது ஒரு பழைய இழப்பு. சில ஆண்டுகளுக்கு முன் சென்னையில் ஒரு கடையில் தொட்டி, கூழாங்கல், ஏர் பம்ப், மீன் ஆகிய அனைத்தையும் ஒரே மாலையில் வாங்கினேன். "இந்த மருந்தை ஒரு மூடி ஊத்துங்க சார், நாளைக்கே மீன் விட்டுடலாம்" என்று கடைக்காரர் ஒரு புட்டியைக் கையில் கொடுத்தார். மறுநாள் நீர் கண்ணாடிபோலத் தெளிந்திருந்தது. ஆறாம் நாள் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடத் தொடங்கின, பத்தாம் நாளுக்குள் ஒன்றும் மிஞ்சவில்லை. அன்று அந்த நீரில் என்ன இருந்தது என்பதை அறிய என்னிடம் எந்த வழியும் இல்லை. மீன் இறந்த பின்னரே நீர் கெட்டிருந்தது தெரிய வரும் நிலையில்தான் நம்மில் பலர் இந்தப் பொழுதுபோக்கைத் தொடங்குகிறோம், அது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

மீனின் செவுள் வழியாகவும் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் நீரில் அம்மோனியா சேர்கிறது. ஒருவகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன, வேறொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. முதல் இரண்டும் மிகச் சிறிய அளவிலேயே மீனுக்கு நஞ்சு. அம்மோனியா செவுளை அரிக்கிறது, நைட்ரைட் இரத்தத்தைப் பழுப்பாக்கி அது உயிர்வளியைச் சுமக்கவிடாமல் செய்கிறது. மூன்றாவதான நைட்ரேட்டை வாராந்தர நீர் மாற்றத்தால் கட்டுக்குள் வைக்கலாம். இந்த நுண்ணுயிர்கள் நீரில் மிதந்து திரிவதைவிட ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கூழாங்கல்லிலும் ஒட்டி வாழ்பவை, அத்துடன் மிக மெதுவாகப் பெருகுபவை. ஆகவே புதிய தொட்டியில் அவை போதிய அளவு பெருகும்வரை யாராவது காத்திருக்கத்தான் வேண்டும். நாம் காத்திருக்காவிட்டால் மீன்கள் அந்த நஞ்சுக்குள் காத்திருக்கும்.

காத்திருப்பது எளிது, எதுவரை என்று அறிவதுதான் கடினம். இந்தப் பெட்டியின் மதிப்பு அங்கேதான் இருக்கிறது.

என் தொட்டியில் கல்லும் செடியும் போக நிற்கும் நீர் சுமார் 60 லிட்டர். நுண்ணுயிர்களுக்குத் தீனியாக மீனுக்குப் பதில் அம்மோனியம் குளோரைடைப் பயன்படுத்தினேன். நாட்டு மருந்துக் கடையில் நவச்சாரம் என்று கேட்டால் கிடைப்பதும் அதே உப்புதான், எனினும் அதன் தூய்மையை நம்மால் உறுதிசெய்ய முடியாது என்பதால் ஆய்வகத் தரமுள்ளதை வேதிப்பொருள் கடையில் வாங்கினேன். 10 கிராம் உப்பை 1 லிட்டர் நீரில் கரைத்து வைத்துக்கொண்டு, அக்கரைசலில் 40 மில்லியைத் தொட்டியில் ஊற்றினால் அம்மோனியா ஏறத்தாழ 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு) அளவுக்கு வரும். ஊற்றி ஒரு மணி நேரம் கழித்து இப்பெட்டியைக் கொண்டு சோதித்தபோது, அட்டையில் 2 பிபிஎம்முக்கு உரிய பச்சை நிறம் அப்படியே வந்தது. நான் கையால் கணக்கிட்ட அளவும் குழாயில் கண்ட நிறமும் ஒத்துப்போன அந்த நொடியில்தான் இந்தப் பெட்டியின் மீது எனக்கு நம்பிக்கை பிறந்தது. வாங்குவோர் அனைவரும் முதல் நாளே இப்படி ஒரு அறிந்த அளவைக் கொண்டு பெட்டியைச் சோதித்துக்கொள்வது நல்லது.

சோதிக்கும் முறை எளியது, ஆயினும் ஒழுங்கு கேட்பது. குழாயில் 5 மில்லி தொட்டி நீர் எடுத்து, அம்மோனியாவுக்கு இரண்டு புட்டிகளிலிருந்தும் எட்டெட்டுத் துளிகள், நைட்ரைட்டுக்கு ஐந்து துளிகள் விட்டு, மூடிக் குலுக்கி ஐந்து நிமிடம் காத்திருந்து நிறத்தை ஒப்பிட வேண்டும். புட்டியைச் சாய்க்காமல் நேர்குத்தாகக் கவிழ்த்துப் பிடித்தால்தான் துளிகள் ஒரே அளவில் விழும். குழாயை விரலால் அடைத்துக் குலுக்கக் கூடாது, அதற்கென்றே மூடிகள் உள்ளன. அம்மோனியாவுக்கு மஞ்சளிலிருந்து பச்சை, நைட்ரைட்டுக்கு வான்நீலத்திலிருந்து ஊதா, நைட்ரேட்டுக்கு மஞ்சளிலிருந்து அடர் சிவப்பு என நிறங்கள் ஏறிச் செல்லும். அட்டையைப் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பதே சரி. குறிப்பாக அம்மோனியாவின் 0 என்னும் மஞ்சளுக்கும் 0.25 என்னும் இளம்பச்சை கலந்த மஞ்சளுக்கும் இடையிலான வேறுபாடு, விளக்கொளியில் யார் கண்ணையும் ஏமாற்றக்கூடியது.

நைட்ரேட் சோதனைக்குத் தனிக் கவனம் தேவை. அதன் இரண்டாம் புட்டியில் உள்ள நுண்துகள்கள் அடியில் படிந்துவிடும். ஆகவே துளி விடுவதற்கு முன் புட்டியை முப்பது விநாடி நன்றாகக் குலுக்க வேண்டும், துளி விட்ட பின் குழாயை ஒரு முழு நிமிடம் குலுக்க வேண்டும். தொடக்கத்தில் அவசரத்தில் நான் இதைக் குறைத்துச் செய்தபோது, முடிவும் உண்மையைவிடக் குறைவாகவே வந்தது. இன்னொரு நுட்பமும் உண்டு. இவ்வகைச் சோதனை நைட்ரேட்டை முதலில் நைட்ரைட்டாக மாற்றி, அந்த நைட்ரைட்டையே நிறமாகக் காட்டுகிறது. எனவே சைக்கிளிங்கின் நடுப்பகுதியில் நீரில் நைட்ரைட் நிறைந்திருக்கும்போது, குழாய் சிவந்ததைப் பார்த்து நைட்ரேட் உருவாகிவிட்டது என்று மகிழ்வது தவறு. நைட்ரைட் சுழியத்துக்கு இறங்கிய பிறகே நைட்ரேட் எண்ணுக்குப் பொருள் உண்டு.

முதல் எட்டு நாள்கள் எதுவுமே நடக்கவில்லை. ஒவ்வொரு மாலையும் அதே பச்சை, அதே வான்நீலம். வெறும் தண்ணீரில் காற்றுக் குமிழிகள் ஓடுவதைப் பார்த்து, "மீனே இல்லாம எதுக்குடா கரண்ட்டைச் செலவழிக்கிற?" என்று அம்மா கேட்டார். ஒன்பதாம் நாள் நைட்ரைட் குழாயில் மிக இலேசான ஊதாச் சாயல் தெரிந்தது, 0.25. அந்த அளவு சிறியதுதான். ஆனால் கண்ணுக்குத் தெரியாத உயிர் ஒன்று என் தொட்டியில் குடியேறி வேலையைத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுவே முதல் அடையாளம், அம்மாவை அழைத்து அந்தக் குழாயைக் காட்டினேன். பதினான்காம் நாள் அம்மோனியா சுழியமாயிற்று, மீண்டும் 40 மில்லி ஊற்றினேன். பதினாறாம் நாள் மறுபடியும் சுழியம், பதினேழாம் நாளில் ஒரே இரவில் சுழியம்.

அதன்பின் வந்ததே பொறுமையைச் சோதித்த காலம். 2 பிபிஎம் அம்மோனியா முழுவதும் மாறினால் 5 பிபிஎம்முக்கும் கூடுதலான நைட்ரைட் உண்டாகும். அட்டையின் நைட்ரைட் நிறங்களோ 5 பிபிஎம்மோடு முடிந்துவிடுகின்றன. நான்கு முறை அம்மோனியா ஊற்றியிருந்த என் தொட்டி, துளி விட்ட உடனேயே அடர் ஊதாவுக்குப் போய் அங்கேயே பல நாள்கள் நின்றது. இந்நிலையில் நைட்ரைட் ஏறுகிறதா இறங்குகிறதா என்று அட்டையைப் பார்த்து அறிய வழியில்லை. இங்கே உதவியது ஓர் எளிய முறை: 1 பங்கு தொட்டி நீருடன் 4 பங்கு காய்ச்சி வடித்த நீரைக் கலந்து சோதித்து, வரும் எண்ணை ஐந்தால் பெருக்குவது. அப்படிப் பார்த்தபோது நைட்ரைட் 10க்கு மேல் இருந்தது தெரிந்தது. உடனே பாதி நீரை மாற்றி, அம்மோனியா ஊற்றுவதையும் மூன்று நாளுக்கு ஒருமுறை பாதி அளவாகக் குறைத்தேன். பலரும் இந்தக் கட்டத்தில்தான் தொட்டி நின்றுவிட்டது என்று எண்ணி எல்லாவற்றையும் கொட்டிக் கழுவிவிடுகிறார்கள். அந்த ஊதா, பாதிக்கும் மேற்பட்ட வேலை முடிந்துவிட்டதன் அறிகுறி.

நைட்ரைட்டை உண்ணும் நுண்ணுயிர் எது என்பதிலேயே நீண்ட காலம் தவறான எண்ணம் இருந்தது. நுண்ணுயிரியல் அறிஞர் வினோகிராட்ஸ்கி 1890ஆம் ஆண்டையொட்டி இவ்வகை நுண்ணுயிர்களைப் பிரித்துக் காட்டியபின், நைட்ரோபாக்டர் என்பதே மீன் தொட்டியிலும் அவ்வேலையைச் செய்வதாகக் கருதப்பட்டது. 1998இல் ஆய்வாளர் ஹோவனெக்கும் அவருடன் பணியாற்றியவர்களும் நன்னீர் மீன் தொட்டிகளை ஆராய்ந்து, அங்கே முதன்மையாக இருப்பவை நைட்ரோஸ்பைரா வகையைச் சேர்ந்தவை எனக் காட்டினர். அவற்றுள் சில அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் வரை முழு வேலையையும் தாமே செய்யவல்லவை என்பது 2015இல் வெளிப்பட்டது. கடைகளில் விற்கும் பாக்டீரியா புட்டி எதுவானாலும், அதில் இருப்பது சரியான வகையா, வெயிலில் கிடந்தும் உயிரோடு இருக்கிறதா என்பதை அதன் மேல் ஒட்டிய லேபிள் சொல்லாது. அத்தகைய ஒரு புட்டியை நம்புவோரும் இப்பெட்டியைக் கொண்டு சோதித்த பிறகே மீன் விட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முப்பத்து நான்காம் நாள் நைட்ரைட் குழாய் மீண்டும் வான்நீலமாயிற்று. அன்றே முழு அளவு அம்மோனியா ஊற்றினேன், மறுநாள் நைட்ரைட்டில் 0.25 மிச்சம் இருந்தது. மறுபடியும் ஊற்றியபின் முப்பத்தாறாம் நாள் இரண்டும் சுழியம். 2 பிபிஎம் அம்மோனியாவை 24 மணி நேரத்துக்குள் முழுமையாக நைட்ரேட்டாக மாற்றும் தொட்டியே தயாரான தொட்டி. நைட்ரேட் 40க்கும் 80க்கும் இடையில் இருந்ததால் ஐந்தில் நான்கு பங்கு நீரை மாற்றினேன். சென்னை வெப்பத்தில் நீர் 28 பாகைக்குக் குறையாமல் இருந்தது நல்லதாயிற்று, இந்த நுண்ணுயிர்கள் விரும்பும் சூடு அது. ஹீட்டர் எனக்குத் தேவைப்படவே இல்லை.

நீர் எவ்வளவு அமிலம் அல்லது காரம் என்பதைக் காட்டும் பி.எச். எண்ணை அளக்க இதில் இரண்டு புட்டிகள் உள்ளன: ஒன்று 6.0 முதல் 7.6 வரை, மற்றொன்று 7.4 முதல் 8.8 வரை. எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் 8.0 காட்டியது. இந்த எண்ணை அம்மோனியா எண்ணோடு சேர்த்தே படிக்க வேண்டும். இச்சோதனை காட்டுவது மொத்த அம்மோனியாவை. அதில் மீனை உண்மையில் கொல்லும் பகுதி, 28 பாகை வெப்பத்தில் பி.எச். 7 ஆக இருந்தால் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு, 8 ஆக இருந்தாலோ ஆறு பங்குக்கும் மேல். ஆகவே ஒரே 0.5 பிபிஎம் அம்மோனியா, பி.எச். 8 ஆன உப்புநீர் வரும் தெருவில் ஏறத்தாழ பத்து மடங்கு கொடியது.

இந்தப் பெட்டியில் இல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். நீரின் காரத்தன்மையையும் கடினத்தன்மையையும் அளக்கும் கேஎச், ஜிஎச் சோதனைகள் இதில் கிடையாது, தனியே வாங்க வேண்டும். கிணற்று நீர் ஊற்றுவோருக்கு அது பெரிய குறையன்று. வீட்டு ஆர்ஓ நீரை மட்டும் ஊற்றுவோருக்கோ அது இன்றியமையாதது. 1 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் மாறுவதற்கு 7 மில்லிகிராமுக்கும் கூடுதலான காரத்தன்மை செலவாகிறது. ஆர்ஓ நீரில் அந்த இருப்பே இல்லாததால் பி.எச். சரிந்து, நுண்ணுயிர்கள் வேலையை நிறுத்திவிடும். என் நண்பரின் தொட்டியில் அம்மோனியா மூன்று வாரம் அசையாமல் நின்றதற்குக் காரணம் இதுவே. அட்டையின் அடிமட்டமான 6.0இல் பி.எச். கிடந்ததைக் கண்டபின், சிறிது ஆப்பச் சோடாவும் கிணற்று நீரும் சேர்த்ததில் சில நாள்களில் அம்மோனியா இறங்கத் தொடங்கியது.

ஏறத்தாழ 800 சோதனைகள் செய்யலாம் என்று உறை கூறுகிறது. நான் 36 நாள்களில் நாள்தோறும் பயன்படுத்தியும் புட்டிகளில் மட்டம் குறைந்தது தெரியவில்லை. ஒரே ஒரு சிறு தொட்டி வைத்திருப்பவருக்கு விலை கனமாகத் தோன்றும், அத்தகையோர் இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். நீரில் நனைக்கும் பட்டைச் சோதனைகள் விலை மலிந்தவை, ஆனால் பல பட்டைகளில் அம்மோனியா சோதனையே இருக்காது, புதிய தொட்டிக்கு முதலில் தேவைப்படுவதோ அதுதான்.

முப்பத்தேழாம் நாள் கொளத்தூரிலிருந்து எட்டு செர்ரி பார்ப் மீன்களை வாங்கி வந்து விட்டேன். அடுத்த இரண்டு வாரமும் நாள்தோறும் சோதித்தேன். அம்மோனியா குழாய் ஒரு நாளும் மஞ்சளிலிருந்து மாறவில்லை, எட்டும் உயிரோடு இருக்கின்றன. இப்போது ஃபில்டரில் இன்னொரு ஸ்பாஞ்சையும் கூடுதலாகச் செருகி வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் தங்கை வீட்டில் தொட்டி அமைக்கும்போது அந்த ஸ்பாஞ்சும் இந்தப் பெட்டியும் அங்கே போகும்.