பைனாகுலருக்கு நெஞ்சுவாரா, நெஞ்சுப்பையா?

கொலராடோ மலைகளில் எல்க் மான் வேட்டைக்கு 10×42 பைனாகுலரைக் கழுத்தில் தொங்கவிட்டால் மாலைக்குள் பிடரி கடுக்கும். வழி இரண்டு: முதுகில் குறுக்காகப் போகும் எலாஸ்டிக் வார், அல்லது பைனாகுலரை உள்ளே வைத்து நெஞ்சில் மாட்டும் மூடியுள்ள பை.

விலை: வார் மலிவு. பைக்குப் பல மடங்கு.

தூசி, மழை: வாரில் லென்ஸ் திறந்தே கிடக்கும். பையில் மூடி காக்கும்.

சத்தம்: வாரில் இல்லை. பையில் வெல்க்ரோ மூடி வேண்டவே வேண்டாம். அந்தக் கரகரப்புக்கே மான் ஓடிவிடும். காந்த மூடி நல்லது, ஆனால் அருகில் திசைகாட்டி வைத்தால் முள் பிசகும்.

வில் வேட்டை: வாரில் குனிந்தால் பைனாகுலர் ஆடிக் கல்லில் இடிக்கும். பை தடிப்பாக இருந்தால் நாண் உரசும். எதுவானாலும் மாட்டி இறுக்கி, அம்பு பூட்டி, பாதுகாப்பான இலக்கை நோக்கி இழுத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வாரோ பையோ, முதலில் அதை மாட்டுங்கள், அதன்மேல் முதுகுப்பை.

மேட்டில் உட்கார்ந்து பார்க்கும் துப்பாக்கி வேட்டைக்காரருக்கு வார் போதும். புதரில் ஊர்ந்து நெருங்கும் வில்லாளிக்குப் பைதான்.