வாக்கர் துரை எந்த ஊர்? ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் தளம் எவ்வளவு உதவும்

மூணாறு சிஎஸ்ஐ தேவாலயத்துக்குப் பின்னால் மேட்டில் இருக்கும், ஸ்காட்லாந்திலிருந்து வந்த தேயிலைத் தோட்டத் துரைமாரின் கல்லறைகளில் பெயர் பார்த்துவிட்டு, "இந்தத் துரை எந்த ஊர்க்காரர்?" என்று தேடுகிறவர்களுக்குக் கைகொடுப்பது ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் இணையதளம். ஸ்காட்லாந்தின் தேசிய ஆவணக் காப்பகம் நடத்துவது; பழைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளை இதில் தேடலாம். கண்ணாடிச் சட்டகத்தில் போட்டு விற்கும் 'குடும்பப் பெயர் வரலாறு' தாள்களை இதோடு ஒப்பிடவே முடியாது. அவற்றில் அச்சிடும் குடும்பச் சின்னமே பொருந்தாது. ஸ்காட்லாந்துச் சட்டப்படி சின்னம் தனி ஆளுக்கு உரியது, பெயருக்கு அல்ல.

ஆனால் தொழிலால் வந்த பெயரோடு இந்தத் தளத்துக்குள் போனால் திணறத்தான் வேண்டியிருக்கும். வாக்கரையே எடுத்துக்கொள்வோம். தறியிலிருந்து இறங்கிய கம்பளித் துணியில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், இழை தளர்வாக நிற்கும். அதைப் புளித்த சிறுநீரில் ஊறப்போட்டுக் காலால் மிதித்தவரே வாக்கர். சிறுநீரின் அம்மோனியா பிசுக்கை எடுக்கும். மிதிக்க மிதிக்கத் துணி சுருங்கித் தடிக்கும். பின்னாளில் நீராலைகளின் மரச்சுத்தியல்கள் அந்த வேலையைச் செய்தன, பெயர் மட்டும் பரம்பரையில் தங்கிவிட்டது. இங்கிலாந்தின் தென்கிழக்கில் அதே தொழிலாளி ஃபுல்லர், தென்மேற்கில் டக்கர். ஸ்காட்லாந்தின் மேற்கே, 'துணி மிதிப்பவர் மகன்' என்று கேலிக் மொழியில் பெயர் வைத்திருந்த குடும்பங்களில் சிலவும் பிறகு வாக்கர் என்று எழுதிக்கொண்டன. ஊருக்கு ஊர் துணி மிதித்தவர் இருந்ததால் வாக்கர்கள் எல்லோரும் ஒரே வம்சம் இல்லை. நம் பக்கம் ஆசாரிகள் எல்லோரும் பங்காளிகளா என்ன?

அதனால் வெறும் 'வாக்கர்' என்று தேடினால் வந்து குவியும் பட்டியலால் பயனில்லை. முதல் பெயர், ஏறத்தாழப் பிறந்த ஆண்டு, மாவட்டம் மூன்றும் வேண்டும். பட்டியலைப் பார்ப்பது இலவசம். பதிவின் படத்தைத் திறக்க 6 கிரெடிட் (தளத்தில் முன்பணம் கட்டி வாங்கும் புள்ளி). குறைந்தது 30 கிரெடிட் வாங்க வேண்டும், 7.50 பவுண்டு. கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை முன்கூட்டியே இயக்கி வையுங்கள். வாங்கிய படம் கணக்கிலேயே இருக்கும். செலவழிக்காத கிரெடிட் இரண்டு ஆண்டில் காலாவதி.

1855 முதலான அரசுப் பதிவுகள்தான் இதன் பலம். இறப்புப் பதிவில் தாய் தந்தை பெயர், தந்தையின் தொழில், தாயின் பிறந்த வீட்டுப் பெயர் வரை இருக்கும். 1861 முதல் பிறப்புப் பதிவில் பெற்றோரின் திருமண நாளும் இடமும் உண்டு. பெண்களைத் தேடும்போது கணவர் பெயரையும் பிறந்த வீட்டுப் பெயரையும் மாற்றி மாற்றிப் போடுங்கள். எழுத்துக்கூட்டல் ஐயமானால் நட்சத்திரக் குறி போடலாம்; பெயர் வேறுபாடுகளைச் சேர்த்துத் தேடும் வசதியும் உண்டு.

1855க்கு முன் சர்ச் பதிவேடுகள்தான். மிகப் பழையது 1553. இடையிடையே பெரிய ஓட்டைகள். அடக்கப் பதிவு பல ஊர்களில் இல்லவே இல்லை. 1843இல் ஸ்காட்லாந்துத் திருச்சபை உடைந்தபின் பிரிந்துபோன குடும்பங்களையும் அதில் எதிர்பார்க்க முடியாது. துணி மிதித்த முதல் வாக்கர் வரை போய்விடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இன்னொரு தடை: பிறப்புப் பதிவின் படம் 100 ஆண்டு, திருமணம் 75, இறப்பு 50 கழிந்தால்தான் திறக்கும்.

இந்த மலையில் இறந்தவரின் மரணத்தை ஸ்காட்லாந்து இறப்புப் பதிவில் தேடிக் கிரெடிட்டைக் கரைக்க வேண்டாம். அங்கே அவருக்குச் சொத்து இருந்திருந்தால் உயில் பகுதிக்குப் போங்கள். வெளிநாட்டில் இறந்தவர்களின் சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் உறுதிசெய்து தந்த ஆவணங்கள் எடின்பரோ நீதிமன்றத்தின் கீழ் இருக்கும். ஒன்றுக்கு 10 கிரெடிட். கல்லறைக் கல்லைவிட அதில் விவரம் அதிகம்.