கல்லூரிக்கே வந்த எச்பிவி தடுப்பூசி முகாம்: முதல் டோஸ் அருமை, அடுத்த டோஸ் எங்கே?

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி வைரஸுக்கான தடுப்பூசியைப் போட, சென்னை ஓஎம்ஆர் சாலைப் பக்கம் இருக்கும் எங்கள் கல்லூரியில் ஒரு தனியார் மருத்துவமனை நடத்திய முகாம் இது. உங்கள் கல்லூரியில் இப்படி ஒன்று நடத்த நினைத்தால் முதலில் இதைப் படியுங்கள்.

முதல் நாள் ஏற்பாடு உண்மையிலேயே நன்றாக இருந்தது. ஆடிட்டோரியத்தில் வைக்காமல் கேன்டீனுக்குப் பக்கத்து வகுப்பறையில் வைத்தார்கள், அதுவும் சாயங்காலம் காலேஜ் பஸ் கிளம்பும் வரை. சாப்பிட வந்தவர்கள் எட்டிப் பார்த்து, கூட வந்த தோழி போட்டுக்கொள்வதைப் பார்த்து, அப்படியே வரிசையில் நின்றுவிட்டார்கள். அதற்கு முன் நடந்த நீளமான விழிப்புணர்வுச் சொற்பொழிவைக் கேட்டுவிட்டு யாரும் ஊசியைத் தேடிப் போனதாக எனக்குத் தெரியவில்லை.

போட்டது செர்வாவேக் என்ற பிராண்டு ஊசி, டோஸுக்கு 2,000 ரூபாய் அளவில். மூன்று டோஸுக்கும் மொத்தமாகக் கட்டச் சொல்லவில்லை, ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி. 18 வயது முடிந்தவர்கள் தாங்களே கையெழுத்துப் போடலாம், சரி, ஆனால் பணம் வீட்டிலிருந்துதானே வர வேண்டும்? அம்மாவுக்கு அனுப்பத் தமிழில் ஒரு பக்கத் தாள் கொடுத்தார்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்கு எச்பிவி 16, 18 என்ற இரண்டு வகைகளே காரணம், இந்த ஊசி அந்த இரண்டையும் தடுக்கும் என்று அதில் தெளிவாக இருந்தது. “இதைப் போட்டால் குழந்தை பிறக்காதாமே” என்று பயந்துபோய் கேட்ட பெண்ணிடம் நர்ஸ் அக்கா முகம் சுளிக்காமல் உட்கார்ந்து பேசினார், அதற்காகவே அவரைப் பாராட்ட வேண்டும். பையன்களையும் திருப்பி அனுப்பவில்லை. ஊசி போட்டதும் எல்லோரையும் 15 நிமிடம் உட்கார வைத்துத்தான் விட்டார்கள்.

அப்புறம்தான் சொதப்பல். 15 வயதிலோ அதற்கு மேலோ தொடங்கினால் இந்த ஊசி மூன்று டோஸ்: முதல் டோஸிலிருந்து 2 மாதத்தில் ஒன்று, 6 மாதத்தில் ஒன்று. முகாம் நடந்தது அக்டோபரில். கணக்குப் போட்டால் இரண்டாவது டோஸ் டிசம்பரில், ஹாஸ்டலே காலியாகிப் பாதிப் பேர் ஊருக்குப் போயிருக்கும் நேரம். மூன்றாவது ஏப்ரலில், செமஸ்டர் தேர்வு நெருக்கடியில். கல்லூரி நாள்காட்டியை ஒருமுறை புரட்டியிருந்தால் தெரிந்திருக்கும். நினைவூட்டி ஒரு மெசேஜ்கூட வரவில்லை, அட்டையில் இருந்த எண்ணைக் கூப்பிட்டால் மருத்துவமனைக்கு நேரில் வரச் சொல்கிறார்கள். அவ்வளவு ஆர்வமாக வரிசையில் நின்ற என் வகுப்புப் பிள்ளைகளில் பலர் ஒரு டோஸோடு நிற்கிறார்கள், எனக்கு ரொம்ப வருத்தம்.

ஜூலையில் தொடங்குங்கள். இரண்டாவது செப்டம்பரில், மூன்றாவது பொங்கல் விடுமுறை முடிந்து ஜனவரியில், எல்லாமே வகுப்பு நடக்கும் நாட்கள். மூன்று தேதிகளையும் முதல் நாளே அட்டையில் எழுதி வாங்குங்கள்.

டோஸ் தள்ளிப்போனவர்கள் கவனிக்க: முதலிலிருந்து திரும்ப ஆரம்பிக்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அட்டையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பக்கத்து டாக்டரிடம் போய், அதே ஊசி இருக்கிறதா என்று கேளுங்கள்.