ஊரடங்கில் ஆன்லைனில் படித்த எம்பிபிஎஸ்: இத்தனை வருஷம் கழித்துப் பார்த்தால்

நான் 2019 பேட்ச், சிபிஎம்இ என்ற திறன் அடிப்படையிலான புதிய மருத்துவப் பாடத்திட்டத்தின் முதல் செட். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் கோபிச்செட்டிபாளையம் பக்கம் எங்கள் தோட்டத்து வீட்டுக்கு வந்துவிட்டேன். வகுப்பெல்லாம் மொபைலில். அந்தப் படிப்பு எப்படி இருந்தது என்று ஜூனியர்கள் இன்னும் கேட்கிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

தியரிக்கு ஆன்லைன் நன்றாகவே உதவியது. தோட்டத்தில் டவர் சரியாக எடுக்காது. ராத்திரி மொட்டை மாடியில் பதிவுகளை இறக்கி வைத்துக்கொண்டால், மறுநாள் நிறுத்தி நிறுத்திக் கேட்கலாம். மருந்துகளின் பெயர்களுக்கு ஆன்கிட்ராய்டு (AnkiDroid) என்ற ஆப், கேள்வி-பதில் அட்டைகளை நாள் கணக்குப் பார்த்துத் திரும்பத் திரும்பக் காட்டும், இன்றும் விடவில்லை. இலவசம், நெட் இல்லாமலும் ஓடும். நாலு நாள் விட்டால் பாக்கி மலைபோல் குவிந்து மனசை அழுத்தும். தினசரி புது அட்டைகளின் உச்சவரம்பை அமைப்புகளில் குறைத்து வையுங்கள்.

அனாட்டமிக்குக் கைகொடுத்தது எலும்புப் பெட்டிதான். “ஏஞ்சாமி, மனுச எலும்பையா ஊட்டுக்குள்ள கொண்டாந்து வெச்சிருக்கறே?” என்று அப்பத்தா பதறியதில் பெட்டி மோட்டார் ரூமுக்குப் போனது. அங்கே உட்கார்ந்து உருட்டிப் பார்த்த தோள்பட்டை எலும்பின் மேடு பள்ளமெல்லாம் இன்றும் விரலுக்குத் தெரியும். திரையில் சுழற்றிப் பார்த்த முப்பரிமாணப் படங்கள் அப்படி நிற்கவில்லை.

கிளினிக்கல் பாடம் ஆன்லைனில் வரவே வராது. நெஞ்சில் ஒரு விரலை வைத்து மறு விரலால் தட்டும்போது, நுரையீரல் மேல் கணீரென்று கேட்கும் ஓசை கல்லீரல் வந்ததும் மந்தமாகும். அதைக் காது மட்டுமல்ல, கீழே இருக்கும் விரலும் உணர வேண்டும். இதய முணுமுணுப்பின் தாழ்ந்த ஒலியை மொபைல் ஸ்பீக்கர் சரியாகத் தராது. இரைச்சலை நீக்கும் வசதி மிச்சத்தையும் விழுங்கிவிடும். வார்டுக்குப் போய்த்தான் கற்றேன்.

மனசுக்குப் பெரும் பாரம் 2021 மே மாதம். கோவையின் தினசரி தொற்று சென்னையையே தாண்டிய நேரம். ஊரில் எல்லாருக்கும் நான் ஏற்கெனவே டாக்டர். “கண்ணு, மிசின்ல 91 காட்டுதுங், என்ன பண்றதுங்?” என்று விடியக்காலையில் போன் வரும். ரத்த ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே போனால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்க என்பதுதான் நான் சொல்லக்கூடியது. படுக்கை கிடைத்ததா என்ற கவலையோடுதான் அடுத்த வகுப்பில் உட்கார்வேன். இந்தப் பாரத்தை எந்தக் கல்லூரியும் கணக்கில் எடுத்ததாக எனக்குத் தெரியவில்லை.

எங்களுக்கு மனநல வெபினார் ஒன்று கட்டாயமாக நடந்தது, வருகைப் பதிவோடு. இன்டர்னல் மார்க் போடும் ஆசிரியர்களே எதிரில் இருந்தால் எந்த மாணவன் வாய் திறப்பான்? கவுன்சலிங்கையும் மார்க்கையும் பிரித்தே ஆக வேண்டும். என்னைத் தாங்கியது ரூம்மேட்டுகளோடு சாயங்காலம் போட்ட கால்தான். பாதி நேரம் படிப்பு, மீதி நேரம் அவரவர் வீட்டுக் கதை.

அன்றைக்கு டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் இல்லை. 2022 அக்டோபரில்தான் வந்தது. 14416, இலவசம், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். ரெண்டு வாரமாகத் தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் கூப்பிடுங்கள்.