ஆறு வருடம், அறுபதாயிரம் கிலோமீட்டர்: எல்எஸ்1 எஞ்சினில் மூன்று வகை ராக்கர் ஆர்ம்

ஆயில் மாற்றும்போது டிரெயின் பிளக்கின் காந்தத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது அது. சீரகத்தைவிடச் சற்று நீளம், பளபளவென்று எஃகு. தேய்மானத் தூள் இப்படி இருக்காது. விரலில் உருட்டிப் பார்த்தேன், அழகாக உருண்டது. வயிறு கலங்கிவிட்டது. எஞ்சினுக்குள் எங்கிருந்து ஊசி உருளை வரும் என்று எனக்குத் தெரியும். வால்வைத் திறக்கும் குட்டி நெம்புகோல்களான பதினாறு ராக்கர் ஆர்மில் ஏதோ ஒன்று தன் பேரிங்கைக் கொட்ட ஆரம்பித்துவிட்டது. ஒரு ஊசி கீழே காந்தத்துக்கு வந்திருக்கிறது என்றால் மற்றவை எங்கே?

கார் 2004 ஹோல்டன் கொமடோர் எஸ்எஸ், விஒய் மாடல், ஆறு கியர் மேனுவல். மெல்போர்னில் 2014-இல் வாங்கினேன். அதில் இருப்பது ஜெனரல் மோட்டார்ஸின் 5.7 லிட்டர் எல்எஸ்1 வி8. 1997-இல் கார்வெட்டில் அறிமுகமாகி, 1999-இல் கொமடோருக்கும் வந்த அதே எஞ்சின். பிளாக்கும் ஹெட்டும் அலுமினியம், கேம்ஷாஃப்ட் (சுருக்கமாகக் கேம், வால்வைத் திறக்கவைக்கும் மேடுகள் கொண்ட சுழல் தண்டு) நடுப்பள்ளத்தில், அதன் தூக்கலை மேலே ராக்கருக்குக் கொண்டுபோகப் புஷ்ராட். வாரநாளில் வேலைக்குப் போகவும், மாதம் ஒரு முறை விண்டன் டிராக்கில் ஓட்டவும் ஒரே கார் வேண்டும் என்ற ஆசையில் 2016-இல் கேம் மாற்றினேன். வால்வு லிஃப்ட், அதாவது வால்வு திறக்கும் தூரம், 0.590 அங்குலத்துக்குப் பக்கத்தில். கூடவே இரட்டை ஸ்பிரிங்கும் கனத்த சுவர் புஷ்ராடும். ராக்கர் ஆர்ம் மட்டும் கம்பெனியில் வந்ததே இருக்கட்டும் என்று கராஜில் சொன்னார்கள். அந்த யோசனை பாதி சரி, பாதி தப்பு. பாதிப் பாதியாகப் பிரித்துப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று வருடமும் நிறைய டாலரும் ஆனது.

ராக்கர் ஆர்ம் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அப்பாவின் அம்பாசடர். 1489 சிசி எஞ்சின், ஒரே நீளத் தண்டில் எட்டு ராக்கர். ஞாயிற்றுக்கிழமை காலையில் கவரைக் கழற்றி, ஃபீலர் கேஜைச் செருகி, ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே 0.015 அங்குல இடைவெளி இருக்கும்படி டேப்பட் வைப்பார். "இது நம்ம ஊர் துலா மாதிரிடா" என்பார். ஒரு பக்கம் ஆள் மிதித்தால் மறுபக்கம் சால் மேலே வரும். அவ்வளவுதான் ராக்கர். எல்எஸ்1-இல் அந்தச் சுகம் கிடையாது. டேப்பட் வைக்க ஸ்குரூவே இல்லை. ஒவ்வொரு ராக்கருக்கும் தனி போல்ட். 22 பவுண்டு-அடி, அதாவது 30 நியூட்டன் மீட்டர் முறுக்கினால் முடிந்தது. மிச்ச இடைவெளியை, கேமுக்கும் புஷ்ராடுக்கும் நடுவே ஆயில் அழுத்தத்தால் தன்னைச் சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் லிஃப்டர் பார்த்துக்கொள்ளும். பார்த்துக்கொள்ளும் என்று நம்பித்தான் நானும் மோசம் போனேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

கம்பெனி ராக்கரைப் பற்றி முதலில். எல்எஸ்1-க்கு ரேஷியோ 1.7. கேம் ஒரு மில்லிமீட்டர் தூக்கினால் வால்வு 1.7 மில்லிமீட்டர் இறங்கும். எஃகு வார்ப்பு, பார்க்க ஒன்றும் பெரிதாக இருக்காது, முனையில் உருளைகூடக் கிடையாது, வால்வின் தலையில் வழுக்கித்தான் போகும். ஆனால் வடிவமைத்தவர்கள் கெட்டிக்காரர்கள். முனையில் எடையே இல்லை. துலாவில் கிணற்றுப் பக்கம் கனமாக இருந்தால் இழுப்பவனுக்கு என்ன கஷ்டமோ அதே கஷ்டம்தான் இங்கே ஸ்பிரிங்குக்கு. அதுவும் அச்சிலிருந்து தூரம் இரட்டித்தால் அந்த எடையின் தொந்தரவு நான்கு மடங்காகும். 6,500 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 54 முறை திறந்து மூடுகிறது. முனையில் பத்து கிராம் கூடினாலும் ஸ்பிரிங்குக்குத் தெரியும்.

இதன் பலவீனம் நடுவில். ட்ரனியன் என்ற குட்டி அச்சைச் சுற்றி இரண்டு பக்கமும் ஊசி பேரிங். ஊசிகளைத் தனித்தனியாகப் பிடித்துவைக்கும் கூண்டு அதில் இல்லை. ராக்கர் முழுச் சுற்று சுற்றுவதும் இல்லை. கால்வட்டம்கூட இல்லாமல் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கும். அதனால் ஒவ்வொரு ஊசியும் ஒரே இடத்தையே தேய்க்கிறது. கம்பெனி ஸ்பிரிங்கோடு இது பல லட்சம் கிலோமீட்டர் ஓடிவிடும். ஸ்பிரிங் அழுத்தத்தையும் லிஃப்டையும் கூட்டியதும் பேரிங்கின் வெளிக்கூடு மெல்ல வெளியே நகர ஆரம்பிக்கிறது. ஒரு நாள் ஊசிகள் கொட்டுகின்றன. 2017 கடைசியில் எனக்குக் கொட்டியது ஐந்தாம் சிலிண்டர் எக்ஸாஸ்ட் ராக்கரில். அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பைக் கழற்றி, காந்தம் விட்டுத் துழாவி, எதிர்ப்பக்கத்தில் முழுதாக இருந்த பேரிங்கின் ஊசிகளை எண்ணி ஒப்பிட்டு, எல்லாம் கிடைத்துவிட்டது என்று உறுதியாகும்வரை தூங்கவில்லை. பம்ப்பின் உறிஞ்சு குழாய் வலையில் மட்டும் ஏழு இருந்தன. பேரிங்கில் மாட்டாமல் தப்பியது என் அதிர்ஷ்டம்.

அதற்கு முன் இரண்டு மாதமாக ஒரு டிக்டிக் சத்தம் இருந்தது. எல்எஸ் எஞ்சினில் குளிரில் லிஃப்டர் சத்தம் சகஜம், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் போல்ட் உடைந்தாலும் இதே சத்தம் வரும், என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். எஞ்சின் சூடான பிறகும் நிற்காத டிக்டிக் கேட்டால் வால்வு கவரைத் திறந்து பாருங்கள். அரை நாள் வேலை.

பயந்தவன் என்ன செய்வான்? இருப்பதிலேயே பெரிதாகப் பார்த்து வாங்குவான். நானும் ஆயிரம் டாலருக்கு மேல் கொடுத்து, அச்சிலும் முனையிலும் உருளை வைத்த அலுமினிய ராக்கர் செட் ஒன்றை வாங்கினேன். பெட்டியைத் திறந்தபோது கண்ணை எடுக்க முடியவில்லை. நகைக்கடை ஷோகேஸில் வைக்கலாம். இதுவே கொஞ்சம் யோசிக்க வைத்திருக்க வேண்டும்.

முதல் சிக்கல் அன்றே வந்தது. பருமன் அதிகம், வால்வு கவர் உட்காரவில்லை. அடியில் ஸ்பேசர், அதற்கு மேலும் கீழும் கேஸ்கெட். இரண்டு மாதத்தில் ஆயில் கசிந்து ஹெடர் என்ற சூடான எக்ஸாஸ்ட் குழாய் மேல் சொட்டியது. ஒவ்வொரு சிக்னலிலும் தீய்ந்த வாடை. மனைவி அந்தக் காரில் ஏறுவதை நிறுத்திக்கொண்டார். அடுத்த சிக்கல் டைனோவில், அதாவது பவர் அளக்கும் இயந்திரத்தில், தெரிந்தது. முன்பு 6,500 வரை ஏறிய பவர் இப்போது 6,200-இலேயே நடுங்கி இறங்கியது. கோடு ரம்பப் பல் மாதிரி. வால்வு ஃப்ளோட். ஸ்பிரிங்கால் வால்வைக் கேமோடு ஒட்டவைத்திருக்க முடியவில்லை. உருளையும் அதைத் தாங்கும் குட்டி அச்சும் உட்கார்ந்திருப்பது சரியாக முனையில், துலாவின் கிணற்றுப் பக்கத்தில்.

ஆனால் பழியை முழுக்க அந்த ராக்கர் மேல் போட்டால் பொய் சொன்னவனாவேன். தப்பில் பெரிய பங்கு என் கணக்கில்.

லிஃப்டரின் ப்ரீலோடு, அதாவது அதன் உள் பிளஞ்சர் எவ்வளவு அமுங்கி உட்கார்ந்திருக்கிறது என்பதை, நான் போல்ட்டின் சுற்றுகளை வைத்து எண்ணினேன். இடைவெளி தீர்ந்த இடத்திலிருந்து 22 பவுண்டு-அடி வரும்வரை ஒன்றே முக்கால் சுற்று போனது. போல்ட் எம்8, மரை இடைவெளி 1.25 மி.மீ. ஒன்றே முக்காலைப் பெருக்கினால் சுமார் 2.2 மி.மீ. கொஞ்சம் அதிகம், பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். எங்கே பிசகினேன் தெரிகிறதா? போல்ட் இறங்குவது துலாவின் நடுவில். ஒரு முனை வால்வில் ஊன்றியிருக்கிறது, அது இறங்காது. அப்போது மறுமுனை நடுவைவிட அதிகமாக இறங்கித்தான் ஆக வேண்டும். 1.7 ரேஷியோவில் அது 2.7-ஐ 1.7-ஆல் வகுத்த அளவு, அதாவது சுமார் 1.6 மடங்கு. ஒரு சுற்றுக்கு லிஃப்டர் கிட்டத்தட்ட 2 மி.மீ. அமுங்குகிறது. ஒன்றே முக்கால் சுற்றுக்கு மூன்றரை! இவ்வளவு ஆழத்தில் உட்கார்ந்த லிஃப்டருக்கு, வால்வு ஒரு கணம் துள்ளினாலும் அந்த இடைவெளிக்குள் மேலே எழும்பி நிரப்பிக்கொள்ள நிறைய இடம் இருக்கிறது. அப்புறம் வால்வு முழுசாக மூடாது. என் டைனோ கோட்டின் ரம்பப் பல்லில் எத்தனை பல் ராக்கரின் எடையால் வந்தது, எத்தனை என் கணக்கால் வந்தது என்று இன்றுவரை பிரித்துச் சொல்ல முடியாது. அந்த ராக்கரில் புஷ்ராட் உட்காரும் குழியின் உயரம் வேறு, அதற்குக் குட்டையான புஷ்ராட் போட்டிருக்க வேண்டும். நான் பழைய 7.400 அங்குலத்தையே போட்டேன்.

இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் டாண்டினாங் பக்கம் ஒரு சின்ன மெஷின் ஷாப் வைத்திருந்த பெரியவர். நான் கொண்டுபோன ராக்கரைக் கையில் எடுத்து எடை பார்த்துவிட்டு, என் பழைய கம்பெனி ராக்கர்கள் எங்கே என்றுதான் முதலில் கேட்டார். நல்லவேளை, தூக்கி எறியவில்லை.

2019 செப்டம்பரில் அவர் கையால் மூன்றாவது ஏற்பாடு. பழைய பதினாறு எஃகு ராக்கரையும் கழுவி, முனையும் குழியும் விரிசல் இல்லாமல் இருக்கிறதா என்று பார்த்து, ஐந்தாம் சிலிண்டர்காரரை மட்டும் ஒதுக்கி வேறொன்று தேடிப்பிடித்தோம். ஊசி பேரிங்கை அழுத்தி வெளியே தள்ளிவிட்டு வெண்கல புஷ்ஷும் (உருளை இல்லாத வழவழ வளையம்) புது ட்ரனியனும். செலவு முன்னூறு டாலருக்குள், கூலி தனி. இதற்கான கிட்களை சிஹெச்இ, ஸ்ட்ரௌப் போன்றவர்கள் விற்கிறார்கள். காம்ப் கேம்ஸிடம் கூண்டு வைத்த ஊசி பேரிங் வகையும் உண்டு. எனக்கு வெண்கலமே மனதுக்கு ஒத்துவந்தது. காரணம் சாதாரணம்: தேய்ந்தால் தேயும், கொட்டுவதற்கு அதில் எதுவும் இல்லை. கழற்றி மாட்டும்போது புஷ்ஷுக்கும் ட்ரனியனுக்கும் நடுவே உள்ள விடுப்பு எல்லா ராக்கரிலும் ஒன்றுபோல இருக்கிறதா என்று அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். இரண்டு இறுக்கமாக இருந்தன, ஹோன் செய்து, அதாவது உட்புறத்தை மெல்லத் தேய்த்து, சரிசெய்தார். வீட்டு வைஸில் வைத்து அடித்து ஏற்றுபவர்கள் தவறவிடுவது இந்த இடத்தைத்தான்.

பிறகு புஷ்ராட். நீளம் மாற்றக்கூடிய அளவுப் புஷ்ராட் ஒன்றை வைத்துப் பார்த்தோம். கேம் மாற்றியதில் அடிவட்டம், அதாவது மேடு இல்லாத வட்டப் பகுதி, சிறிதாகிவிட்டதால் பழைய 7.400-இல் முக்கால் சுற்றுதான் கிடைத்தது. 7.425 போட்டதும் ஒரு சுற்றைச் சற்றே தாண்டி நின்றது. அலுமினிய எஞ்சின் சூட்டில் உயரும்போது ப்ரீலோடு குறையும், அதற்கும் இடம் இருக்கிறது. அளக்கும்போது அந்த லிஃப்டர் கேமின் அடிவட்டத்தில்தான் இருக்க வேண்டும். எக்ஸாஸ்ட் திறக்க ஆரம்பிக்கும்போது அந்தச் சிலிண்டரின் இன்டேக்கை முறுக்கு, இன்டேக் முழுசாகத் திறந்து மூடப்போகும்போது எக்ஸாஸ்ட்டை முறுக்கு. இந்த ஒரு வரியை மறந்தால் மேலே சொன்ன கணக்கெல்லாம் வீண்.

அன்றிலிருந்து இன்றுவரை ஆறு வருடம், 61,000 கிலோமீட்டர், விண்டனில் பதினான்கு நாட்கள். ஸ்பிரிங் அதேதான், ரெவ் லிமிட் 6,600. டைனோ கோடு அங்கே வரை வழவழப்பாகப் போகிறது. கவர் ஸ்பேசரும் ஆயில் வாடையும் ஒழிந்தன, மனைவி மறுபடி ஏறுகிறார்.

குறைகளும் சொல்ல வேண்டும். குளிர்காலக் காலையில் முதல் இரண்டு மூன்று விநாடி கூடுதலாகச் சத்தம் கேட்கிறது. இந்த எஞ்சினில் ராக்கருக்கு ஆயில் புஷ்ராட் துளை வழியாக மேலே வர வேண்டும், வரும்வரை வெண்கலம் உலர்ந்துதான் உரசும். 2020 லாக்டவுனில் வீட்டைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்றிருந்த மாதங்களில் கார் சும்மா நின்றது. அப்போது ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் எனக்குப் பல் கூசியது. எஞ்சின் பற்றிக்கொள்ளாதபடி ஃப்யூஸைக் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் காட்டும்வரை ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றிப் பழகிக்கொண்டேன். ஆயில் மாற்றுவதை 7,500 கிலோமீட்டரிலிருந்து 5,000-க்குக் கொண்டுவந்தேன். ஒவ்வொரு 20,000-க்கும் கவரைத் திறந்து, ஒவ்வொரு ராக்கரையும் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்கிறேன். நாற்பதாயிரத்தில் இரண்டு ராக்கரில் ஆட்டம் கண்ணுக்குத் தெரிந்தது, அந்த இரண்டுக்கு மட்டும் புஷ் மாற்றினேன். போன முறை ஒரு ராக்கரின் முனையில் உரசல் தடம் பார்த்து அதையே மாற்றிவிட்டேன். வால்வு தலையில் மார்க்கரால் கறுப்படித்து, கையால் இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தால் உரசும் பட்டை எங்கே விழுகிறது என்று தெரியும். நடுவை ஒட்டி இருந்தால் நிம்மதி.

அப்படியென்றால் உருளை ராக்கர் யாருக்கும் வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். என் நண்பர் ஒருவர் ஹைட்ராலிக் இல்லாத லிஃப்டரோடு ஓடும் சாலிட் ரோலர் கேம் வைத்து ஹீத்கோட்டில் கால் மைல் நேர்கோட்டுப் பந்தயம் (டிராக் ரேஸ்) ஓட்டுகிறார். அவர் போட்டிருப்பது ஆஸ்திரேலியாவின் யெல்லா டெர்ரா செட், ஒரு தொந்தரவும் இல்லை. அவருடைய ஸ்பிரிங் என்னுடையதைப் போல இரண்டு மடங்கு அழுத்தம், அதற்கு எஃகு வார்ப்பும் வழுக்கும் முனையும் தாங்காது. ஆனால் அவர் சீசனுக்கு ஒரு முறை எல்லாவற்றையும் கழற்றிப் பார்க்கிறார். அலுமினியத்துக்கு எஃகைப் போல களைப்புக்கு ஒரு கீழ் எல்லை இல்லை, சின்ன சுமையானாலும் கோடிக்கணக்கான முறை விழுந்தால் என்றாவது விரிசல் விடும். நேர்கோட்டுப் பந்தயக் காருக்கு அது கணக்கில் உள்ள செலவு. தினமும் வேலைக்குப் போகிற காருக்கு அல்ல.

இன்னொன்று, வேறு எல்எஸ் வைத்திருப்பவர்களுக்கு. என்னுடையது பழைய கதீட்ரல் போர்ட் ஹெட், இன்டேக்கும் எக்ஸாஸ்ட்டும் ஒரே ராக்கர். எல்எஸ்3-இல் இன்டேக் ராக்கர் பக்கவாட்டில் விலகியிருக்கும், எல்எஸ்7-இல் ரேஷியோவே 1.8. பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைத்தது என்று எடுத்துவந்து மாட்டிவிடாதீர்கள்.

அந்த அலுமினிய செட்டை விற்க மனம் வரவில்லை. வாங்குபவரிடம் என்ன சொல்லி விற்பது? கராஜ் அலமாரியில்தான் இருக்கிறது. என் மகன் அதில் ஒன்றை எடுத்துப்போய் மேஜையில் காகிதம் பறக்காமல் வைத்திருக்கிறான். கனம் போதுமாம்.